லாரி இல்லாத ரோடு வேணும்!

“ஹார்பர் ரோட்டுப் பக்கம் உன்னை சைக்கிளோட பார்த்தேன்னு யாராச்சும் சொல்லட்டும்... அன்னிக்கே அதைப் பழைய இரும்புக் கடையில போட்ருவேன்!”

இது எங்க அம்மாவோட ஸ்டேண்டிங் ஆர்டர். அம்மாவைக் குத்தம் சொல்லவும் முடியாது. தூத்துக்குடியில சைக்கிள் ஓட்டுறதுன்னா கன்டெய்னர் லாரி, நிலக்கரி லாரி, உப்பு லாரி மூணுக்கும் நடுவுல நூல் கோக்குற மாதிரி. என் ஃப்ரெண்ட் ஒருத்தன் அப்படிக் கோத்துக்கிட்டு இருந்தப்பதான் போன வருஷம் ஒரு லாரி உரசிட்டுப் போயிருச்சு. பேரு போடாதேன்னு சொல்லிட்டான். ‘மெக்கானிக்’னு வெச்சுக்குவோம். வலது கால்ல ராடு, மூணு மாசம் ஊன்றுகோல், ஒரு செமஸ்டர் காலி!

இப்ப நல்லா நடக்குறான். ‘சைக்கிள் மிதிச்சா முட்டிக்கு நல்லது’ன்னு டாக்டரே சொல்லிட்டார். ஆனா, பின்னாடி ஏர் ஹாரன் கேட்டா, நடந்து போறவன்கூட அப்படியே ஓரமா நின்னுடுவான். முகம் வெளிறிடும். “லாரி வராத ரோடு ஒண்ணு காட்டு மக்கா, வாரேன்”னான் ஒருநாள். சும்மா சொன்னானோ என்னவோ, நான் சீரியஸா எடுத்துக்கிட்டேன்.

நெட்டுல அமைதியான கடலோர சைக்கிள் ரூட்னு தேடினா ஸ்காட்லாந்தைக் காட்டுது. மலையும் கடலும் ஒட்டிக்கிடக்கிற ஹைலேண்ட்ஸ்ல 500 மைலுக்கும் மேல ஓடுற ரோட்டுக்கு 2015-ல ‘நார்த் கோஸ்ட் 500’னு பேர் வெச்சாங்க. அவ்வளவுதான், காரும் வேனும் வந்து குவிஞ்சு போச்சு! நம்ம ஊர்ல மலை கிடையாது. தேரிக்காட்டு செம்மணல் மேடுதான் நமக்கு உச்சி. அதுல சைக்கிள் ஏறாது, நாமதான் அதைத் தூக்கிட்டு ஏறணும்.

பொங்கல் லீவுல, காலைல நாலரை மணிக்கு, அம்மா கோலம் போட எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி கிளம்பிட்டேன். பையில தண்ணி பாட்டில், பஞ்சர் கிட், கூடவே ஒரு அசைன்மென்ட் நோட்டு. எதுக்கு நோட்டு? எதிர்ல, பின்னாடி வர்ற ஒவ்வொரு லாரிக்கும் ஒரு கோடு போட!

முத்தையாபுரம் தாண்டுறதுக்குள்ளயே ஒரு பக்கம் ஃபுல். மெயின் ரோட்டை விட்டுட்டு உப்பளத்து வண்டிப்பாதையில இறங்கிப் பார்த்தேன். ரெண்டு பக்கமும் பாத்தி, மழைக்கு மூடிவெச்ச உப்பு அம்பாரம், தூரத்துல கூட்டமா பூநாரை. ஒரு சத்தம் கிடையாது. ‘ஆஹா, கண்டுபிடிச்சுட்டோம்டா’ன்னு மனசுக்குள்ள விசில் அடிச்சேன். ரெண்டு கிலோமீட்டர்ல பாதை ஒரு ஓடையில போய் முடிஞ்சுபோச்சு. அந்தப் பக்கம் போக வழியே இல்லை. சேத்துல மாட்டின சைக்கிளைத் தோள்ல சுமந்து திரும்பினேன். உப்புத் தண்ணி பட்டா துரு எப்படி வேகமாப் பிடிக்கும்னு முதல் வருஷ கெமிஸ்ட்ரியில மனப்பாடம் பண்ணி எழுதினது... மறுநாள் என் செயின்லயே பார்த்துக்கிட்டேன்.

ஆக, தூத்துக்குடியில இருந்து முக்காணி வரைக்கும் என் தீர்ப்பு: சைக்கிளைக் குட்டி யானையில ஏத்திட்டுப் போறதுதான் புத்திசாலித்தனம்.

முக்காணியில மேற்கே உள்ள திரும்பினா கொற்கை. பாண்டியரோட துறைமுகம், கிரேக்க, ரோமானியப் பயணிகளே முத்துக்குப் பேர்போன ஊர்னு எழுதிவெச்ச இடம். இப்ப அங்க கடல் எங்க? சுத்திலும் வயல், வாழை, ஒரு குளம், பழைய வன்னி மரம். தாமிரபரணி மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டியே கடல் அஞ்சாறு கிலோமீட்டர் தள்ளிப்போயிருச்சு. அடுத்து துறைமுகமா இருந்த பழையகாயலுக்கும் அதே கதி. 13-ம் நூற்றாண்டுல மார்க்கோ போலோ வந்து இறங்கின ஊர் அது. பஸ்ல எத்தனையோ தடவை இந்த வழியா திருச்செந்தூர் போயிருக்கேன். தூங்கிட்டே! சைக்கிள்ல போனாத்தான், கடலைப் பிடிக்க ஊரு துரத்திக்கிட்டே இருந்திருக்குன்னு காலுக்குத் தெரியுது.

ஆத்தூர்ல வெத்திலைக் கொடிக்கால் வாசனை. அங்க இருந்து புன்னைக்காயல் போற ரோடு இருக்கே... இதுதான்யா ரோடு! நோட்டுல ரெண்டே கோடு. ரெண்டும் வாழைத்தார் ஏத்தின வண்டி. ஆறு கடல்ல சேர்ற கடைசி ஊர் புன்னைக்காயல். 1586-லயே இங்க தமிழ்ப் புத்தகம் அச்சடிச்சிருக்காங்க. ஊருக்குள்ள ஒரு ஜெராக்ஸ் கடையைத் தேடினப்ப இது ஞாபகம் வந்து சிரிச்சுட்டேன்.

கரையில வலை பின்னிக்கிட்டிருந்த ஒரு தாத்தா, “எங்கடே போற, அதுவும் சைக்கிள்ல?”ன்னார். மணப்பாடுன்னேன். “போ போ, வாடை தள்ளிக்கிட்டே கொண்டுவிட்ரும். திரும்பி வாரப்ப தெரியும்!” அவர் சங்கு குளிச்சவராம். அவங்க அப்பா முத்துக் குளிச்சவராம். 1961-ல நடந்த சலாபம்தான் கடைசி, அதுக்கப்புறம் சிப்பி விளையலைன்னார். பாய் விரிச்ச தோணி காலத்துல வாடைக்காத்துல தெற்கே போனா, திரும்புறதுக்கு கச்சான் காத்துக்காகக் காத்துக்கிடப்பாங்களாம். நான் அசைன்மென்ட் சப்மிஷனுக்குத் திங்கட்கிழமை காலேஜ்ல இருக்கணுமே தாத்தா!

திரும்ப ஆத்தூர் வந்து, ஆறுமுகநேரி வழியா காயல்பட்டினம். 2023 டிசம்பர் வெள்ளத்துல ஒரே நாள்ல கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் மழை கொட்டின ஊர். எங்க வீட்டுல அன்னிக்கு ரெண்டு நாள் கரன்ட் இல்லைன்னு புலம்பினோம். டீக்கடை அண்ணாச்சி சுவத்துல தண்ணி நின்ன உயரத்தைக் கையால காட்டினார். என் நெஞ்சு வரைக்கும் இருந்துச்சு.

திருச்செந்தூர்ல கூட்டம். நிக்கலை. ஆலந்தலை தாண்டினதும் கடல் இடது கைப்பக்கம் கூடவே வர ஆரம்பிச்சுது. வாடை முதுகுல கை வெச்சுத் தள்ளுது. பெடலே போடாம போறோமோன்னு சந்தேகம்! ஆனா, கல்லாமொழி கிட்ட நோட்டுல கோடு மறுபடி ஏறுச்சு. அனல்மின் நிலையம், குலசேகரன்பட்டினத்துல ராக்கெட் ஏவுதளம்னு வேலை நடக்கிற பகுதி. ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல அடிக்கல் நாட்டினாங்க. ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து தெற்கே ராக்கெட் விட்டா இலங்கைக்கு மேல போகாம வளைஞ்சு போகணும், எரிபொருள் வீண். குலசையில இருந்தா நேரா தெற்கே, வெறும் கடல்தான். ராக்கெட்டுக்கும் இடைஞ்சல் இல்லாத ரோடு தேவைப்படுது பாருங்க! இன்ஜினீயரிங் படிக்கிறவனா எனக்குப் பெருமைதான். சைக்கிள்காரனா, அந்த இடத்துல 17 கோடு போட்டேன்.

மணப்பாட்டுல மணல்குன்று மேல திருச்சிலுவைக் கோயில், லைட் ஹவுஸ். கீழே ஒரு பக்கம் அலை, மறுபக்கம் குளம் மாதிரி தண்ணி. அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்தேன். திரும்பணும்னு எழுந்து வடக்கே பத்து மிதி மிதிச்சேன். வாடை மூஞ்சியிலயே அறைஞ்சுது. புன்னைக்காயல் தாத்தா சிரிக்கிறது காதுல கேட்டுச்சு. கடைசியில மீன் ஏத்தின குட்டி யானை ஒண்ணுல கெஞ்சி இடம் பிடிச்சேன். வீட்டுல நுழைஞ்சதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, “எங்கடா, மீன் வாடை அடிக்குது?”

ராத்திரி மெக்கானிக் வீட்டுக்குப் போய் நோட்டைக் கொடுத்தேன். பக்கம் பக்கமா திருப்பினான். ஆத்தூர் - புன்னைக்காயல் பக்கத்துல நிறுத்தினான்.

“ரெண்டே ரெண்டா?”

“ரெண்டுதான்.”

“ஹாரன் அடிச்சானுங்களா?”

பொய் சொல்லலாமான்னு ஒரு செகண்டு யோசிச்சேன். “ஒருத்தன் அடிச்சான்.”

ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் எழுந்து பின்கட்டுக்குப் போனான். சுவத்துல சாத்தி, மேல பழைய சாக்கு போட்டு மூடியிருந்த சைக்கிளை வெளியே இழுத்தான். டயரைக் கட்டைவிரலால அமுக்கிப் பார்த்தான். சப்பை.

“பம்ப் வெச்சிருக்கியால?”