தமிழின் பேரைச் சுமக்கும் செந்தேள்

"மாமா, செருப்பை உதறிட்டுப் போடுங்க!"

மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில் கண்விழித்த முதல் காலையில் என் காதில் விழுந்த முதல் பேச்சு இதுதான். தங்கை மகனுக்கு அங்கே ரசாயனத் தொழிற்சாலையில் வேலை. துண்டை உதறு, போர்வையை உதறு, விறகைத் தொடுமுன் தட்டு என்று அடுக்கிக்கொண்டே போனான். ஏன்டா என்றேன். "விஞ்சூ, மாமா. செந்தேள்."

தாராசுரத்தில் கிளம்பி, சென்னை, மும்பை என்று வண்டி மாறி, கொங்கண் ரயில்பாதையில் வீர் நிலையத்தில் இறங்கியபோது ஐப்பசி பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. ஊரில் சம்பா நாற்று அப்போதுதான் பச்சை பிடித்திருந்தது. இங்கேயோ அறுப்பு! மலைச்சரிவில் படிக்கட்டு மாதிரி இறங்கும் குட்டிக் குட்டி வயல்கள். புது வைக்கோல் வாசம் மட்டும் நம்மூர் வாசம். மற்றதெல்லாம் புதிது. காலைப் பலகாரத்துக்கு அரிசி மாவில் தட்டிய பாக்ரி, மத்தியானம் தேங்காய்ப் பாலில் கோக்கம் புளி கலந்த ரோஜா நிறச் சோல்கடி. பக்கத்தில் ராய்கட் கோட்டை. 1674-இல் சிவாஜி முடிசூடிய மலை அது. அவருடைய தம்பி ஏகோஜியின் வம்சம்தானே நம் தஞ்சாவூரை ஆண்டது! அந்நிய ஊரில் உறவுக்காரர் வீட்டைக் கண்டுபிடித்தாற்போல் மனசு நிறைந்தது.

என்னை வாய்பிளக்க வைத்தது மண். எங்கள் ஊரில் வயலை வெட்டினால் காவிரி வண்டல்தான் வரும், கல் வராது. ஐராவதேசுவரர் கோயிலுக்கே கல் வெளியிலிருந்து வந்தாக வேண்டும். இங்கே தரையையே செங்கல் மாதிரி அறுத்தெடுத்து வீடு கட்டுகிறார்கள். ஜாம்பா என்கிறார்கள் அந்தச் செம்புரைக்கல்லை. உடம்பெல்லாம் பொத்தல், இடுக்கு. தேளுக்கு அதைவிட நல்ல வீடு கிடைக்குமா?

இரவு எட்டு மணிக்கு, ரூபாய் நோட்டு சோதிக்கும் ஊதா டார்ச்சோடு மருமகன் என்னைக் கொல்லைச் சுவருக்கு அழைத்துப்போனான். வெளிச்சம் பட்டதும் இருட்டில் பச்சையும் நீலமும் கலந்து ஒரு கீற்று ஜொலித்தது. கோலமாவில் யாரோ தேள் வரைந்து, அதில் விளக்கேற்றி வைத்தாற்போல! அநேகமாக எல்லாத் தேளின் தோலும் புற ஊதாக் கதிரில் இப்படி மினுங்குமாம். சாதா டார்ச்சை அடித்தால் வெறும் செம்பழுப்பு, ஒரு விரல் நீளம். இடுக்கியில் ஒரு பாச்சை துடித்துக்கொண்டிருந்தது. தேள் மென்று விழுங்குவதில்லை. இரையைக் கரைத்து உறிஞ்சும்.

குனிந்து பார்த்தேன். இடுக்கி மெலிசு, வால் தடிப்பு. நம்மூர் எருக்குழியில் கிடக்கும் கருந்தேள் நேர்மாறு: நண்டுக்கால் மாதிரி முரட்டு இடுக்கி, மெல்லிய வால். பார்த்தால் பயங்கரம், ஆனால் அது கொட்டி உயிர் போவது அபூர்வம். இடுக்கியில் பலம் இல்லாததற்கு விஷத்தில்தான் பலம். குஞ்சுகள் தாயின் முதுகைத் தின்றே வளரும் என்று என் பாட்டி சொல்வாள். உண்மையில் அவை முதல் தோலை உரிக்கும்வரை முதுகில் சவாரி செய்கின்றன, அவ்வளவுதான். முட்டையாக இடாமல் குஞ்சாகவே ஈனும் தாய்க்கு இந்தப் பழி வேண்டாம்.

இந்தச் செந்தேளுக்கு 1798-இல் டென்மார்க்குக்காரர் ஃபப்ரீசியுஸ் வைத்த பெயர் 'டமுலஸ்'. தமிழ் என்பதன் லத்தீன் உருவம்! அப்போது நம் தரங்கம்பாடி டேனியர் கையில் இருந்தது. இந்தியாவில் உயிரைக் குடிக்கிற தேள்களில் முதலாவது நம் பெயரைச் சுமக்கிறது என்று தெரிந்தபோது, அந்த ஈரக் காற்றிலும் எனக்கு வேர்த்தது.

வீட்டுக்கார ஆஜி, அதாவது பாட்டி, திண்ணையில் உட்கார்ந்து தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். வைக்கோல் அள்ளும்போது கொட்டியதாம். பெரிய வலியில்லையாம். ஒரு மணி நேரத்தில் சட்டை பிழியப் பிழிய வியர்வை, வாந்தி, கைகால் ஐஸ் மாதிரி. மந்திரிக்கிறவர் வருவதற்குள் வாயில் இளஞ்சிவப்பாய் நுரை. சொல்லி முடித்ததும் தன் உள்ளங்கையைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டார். நானும் பேசவில்லை.

அந்த நுரைக்குக் காரணத்தை இதே மகாடில் தேடியவர் டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர். 1976-இல் பிர்வாடி ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர். விஷம் நரம்புகளைத் தட்டிவிட, அட்ரினலின் வகைச் சுரப்புகள் வெள்ளமாய்ப் பாய்கின்றன. ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, இதயம் திணறுகிறது, நுரையீரலில் நீர் கோக்கிறது. ராத்திரி முழுக்க நோயாளி பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தவர் அவர். ரத்தக் கொதிப்புக்கான பிரசோசின் மாத்திரை, இறுகிய குழாய்களைத் தளர்த்தும் என்று கண்டார். லான்செட் இதழில் 1986-இல் அது வெளிவந்தது. முன்பு ஆஸ்பத்திரிக்கு வந்த கடுமையான நோயாளிகளில் 100-க்கு 30 பேர் போல இறந்தார்கள். பிறகு அது ஒன்றிரண்டானது. விலை மலிவான ஒரு சின்ன மாத்திரை! மாத்திரையோடு விஷமுறிவு மருந்தும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் தேறுகிறார்கள் என்று அவரும் மனைவி டாக்டர் பிரமோதினியும் 2011-இல் காட்டினார்கள். 2022-இல் பாவஸ்கருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆஜிக்கு அந்த விருது தெரியாது. "கோளி (மாத்திரை) கொடுக்கிற டாக்டர்" என்றால் உடனே கை கூப்புகிறார்.

பிரேசிலில் இதே துயரம் நகரத்துக்குள் நடக்கிறது. அங்கே மஞ்சள் தேள் சாக்கடையில் கரப்பான் தின்று பெருகுகிறது. ஆணே வேண்டாம், பெண் தானாகவே பெண் குஞ்சுகளை ஈனும். ஒன்று தப்பினாலும் போதும், ஒரு தெருவே தேள் தெரு. ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கொட்டுகள் பதிவாகின்றன. சாவோ பாவ்லோவின் புட்டாண்டன் நிறுவனம் குதிரை ரத்தத்திலிருந்து முறிவு மருந்து தயாரிக்கிறது.

ஊர் திரும்பியதும் நான் முதலில் போனது எங்கள் களத்துமேட்டுக்கு. செந்தேள் நமக்கும் அந்நியமில்லை. அது கொட்டிய குழந்தைகளைப் பற்றிப் புதுச்சேரி ஜிப்மரிலிருந்தும் ஆய்வுகள் வந்திருக்கின்றன. அதனால் கேட்டுக்கொள்கிறேன்: தேள் கொட்டியவருக்கு வலி குறைவாயிருக்கிறதே என்று வீட்டில் உட்கார வைக்காதீர்கள். வியர்த்து, வாந்தி வந்து, கைகால் சில்லிட்டால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. குழந்தையானால் எதற்கும் காத்திருக்க வேண்டாம். மாத்திரையை டாக்டர்தான் கொடுக்க வேண்டும், நாமே வாங்கிப் போடக் கூடாது. வைக்கோல் போரில் கை வைக்குமுன் ஒரு கழியால் தட்டுங்கள்.