புசா ரோட்டு ரம்மி

தீபாவளி நெருங்கினால் தில்லி மாநகரின் இல்லங்களில் சீட்டுக்கட்டு வெளிவந்துவிடும். வடநாட்டு அன்பர்கள் ஆடுவது 'தீன் பத்தி' எனும் மூன்று சீட்டு. கரோல்பாக்கிலும் புசா ரோட்டிலும் குடியேறிய நம்மவரோ ஊரிலிருந்து கொணர்ந்த ரம்மியைக் கைவிட்டாரில்லை. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியொன்று அமைந்துள்ள அச்சாலையில், ஒரு மாடி வீட்டின் முன்னறையில், ஞாயிறுதோறும் ஐவர் கூடுவோம். புள்ளிக்குப் பத்துக் காசு; முழுக்கை தோற்றால் எண்பது புள்ளி, எட்டு ரூபாய். 2011இல் நாணயமே செல்லாதாகிவிட்ட பின்னும் எங்கள் கணக்கேட்டில் பத்துக் காசு வாழ்ந்துகொண்டுதான் இருந்தது!

எங்கட்கு ஆசான், தணிக்கைத் துறையில் ஓய்வு பெற்ற பெரியவர். யாவர்க்கும் அவர் மாமா. ரம்மி பெரிதும் திறமையின்பாற்பட்டது, மூன்று சீட்டைப் போல முற்றும் அதிர்ஷ்டமன்று என்று 1968இல் உச்சநீதிமன்றம் கூறியதை அவர் அடிக்கடி நினைவூட்டுவார். விழுந்த சீட்டுகளை நினைவில் நிறுத்துவதும், எதை வைப்பது எதை எறிவது என்று தேர்வதும் திறமையே என்பது அத்தீர்ப்பின் கருத்து. அமெரிக்கர் இல்லங்களில் ஆடும் ஏழு சீட்டுப் போக்கரிலும் உயிர்நிலை இதுவே. ஆளுக்கு ஏழில் நான்கு சீட்டு திறந்தே கிடக்கும். அவற்றையும், ஆட்டத்தை விட்டவர் கவிழ்த்தவற்றையும் மறவாதவனே தனக்கு வேண்டிய சீட்டு இன்னும் கட்டில் உண்டா என அறிவான்.

மாமாவின் கணக்கு எளியது. இரண்டு கட்டு வைத்தாடுகையில், இஸ்பேட் ஐந்தும் ஆறும் கையிலிருந்தால் நான்கோ ஏழோ வர வேண்டும். அத்தகைய சீட்டு நான்கு உண்டு. ஐந்தும் ஏழும் இருந்தால் ஆறு ஒன்றே வழி; அது இரண்டே. அவ்விரண்டில் ஒன்று கீழே விழுந்துவிட்டால், மற்றொன்றை நம்பி அமர்ந்திருப்பவனுக்காக மாமா பெருமூச்சு விடுவார். முதலில் ஜோக்கர் கலவாத வரிசை. அதன்றி மூன்று ஜோக்கர் வந்தாலும் பயனில்லை. ராஜா ராணிகளைத் துணையின்றிச் சுமக்கலாகாது. தலைக்குப் பத்துப் புள்ளி.

ஆயினும் அவர் பெரிதும் வற்புறுத்தியது 'ஸ்கூட்' செய்வதையே. கை உதவாதெனின் தொடக்கத்திலேயே கவிழ்த்தால் இருபது; இடையில் விட்டால் நாற்பது. "இருபது குடுக்க மனசு வராதவன்தான்டா எண்பது குடுப்பான்" என்பார்.

எங்களுள் இளையவர் ஒருவர், வங்கி ஊழியர், புள்ளிக்கு ஒரு ரூபாய் ஆக்கலாமே என்றார். மாமா இசையவில்லை. சில காலம் அவர் வரவில்லை. கைப்பேசியில் முகமறியாதவரோடு ஆடத் தொடங்கியிருந்தார். எங்கள் அறையில் எட்டு மணிக்கு மாமி சோற்றுக்கு அழைத்தால் ஆட்டம் முடிந்தது. கைப்பேசிக்கு அத்தகைய மாமி ஏது? மனைவியின் வளையல்கள் அடகுக்குப் போன பின்னரே செய்தி எங்கட்கு எட்டியது. பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை, திறமையாயினும் அதிர்ஷ்டமாயினும், மைய அரசின் சட்டம் தடை செய்தது 2025இல். அவர் இழந்தது அதற்கு முன்பு.

மாமா தாமே அவர் வீடு சென்று அழைத்து வந்தார். எவரும் எதுவும் கேட்கவில்லை. பதின்மூன்று சீட்டையும் விரித்துப் பார்த்தவர், சற்று நேரம் தயங்கி, "ஸ்கூட், மாமா" என்று கவிழ்த்து வைத்தார். மாமா நிமிராமல் கணக்கேட்டில் இருபது என்று எழுதிக்கொண்டார்.