அஞ்சடியில் யாருக்கு இடம்?

அன்புள்ள நண்பருக்கு,

சிங்கப்பூரில் கால்நடையாகப் போவது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். சிராங்கூன் சாலையிலிருந்து தொடங்குகிறேன்.

பழைய கடைவீடுகளின் முன்னால், மாடியின் நிழலில் நீளும் நடைவழியை இங்குள்ள தமிழர்கள் அஞ்சடி என்பார்கள். ஒவ்வொரு வீட்டின் முன்பும் தாழ்வாரம் விட வேண்டும், அது தெரு நெடுக, கூரையோடு, எந்நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று 1822-லேயே நவீன சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் உத்தரவிட்டார். திடீர் மழைக்குப் பேர்போன ஊருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. வில்லங்கம் ஒன்றுதான்: இடம் கடைக்காரருடையது, நடக்கும் உரிமை ஊருக்கு.

கடைக்காரர் சும்மா விடுவாரா? மூட்டையும் பெட்டியும் அஞ்சடிக்கு வந்தன. 1888-இல் நகராட்சி அவற்றை அகற்றப் போக, கடையடைப்பு, கல்வீச்சு, கலவரம். இன்றும் பஃபலோ சாலையில் காய்கறிப் பெட்டிகளுக்கு நடுவே ஒருக்களித்துத்தான் போக வேண்டும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். என் கோபமெல்லாம் தரையின் மேல்தான். ஒரு கடை வாசலுக்கும் அடுத்ததற்கும் நடுவே படி ஏறும், பிறகு இறங்கும். சக்கர நாற்காலியில் வருபவர் சாலையில்தான் இறங்கியாக வேண்டும்.

புதிய குடியிருப்புப் பேட்டைகளில் அந்தக் குறை கிடையாது. ரயில் நிலையத்தைச் சுற்றி 400 மீட்டருக்குள் பள்ளிக்கும் மருத்துவ நிலையத்துக்கும் கூரை போட்ட நடைவழி அமைக்கும் திட்டம் 2013-இல் வந்தது. பல சந்திப்புகளில் சிக்னல் கம்பத்தில் மூத்தோர் சலுகை அட்டையைத் தட்டினால், சாலையின் அகலத்துக்கேற்ப 3 முதல் 13 வினாடி வரை பச்சை விளக்கு கூடுதலாக எரியும். பாட்டிமார் அட்டையைத் தட்டிவிட்டு அவசரமே இல்லாமல் கடப்பார்கள். காத்திருக்கும் கார்க்காரர் ஹாரன் அடித்து நான் கேட்டதில்லை.

ஆனால் சமமான தரையில் வேகமும் வந்து சேர்ந்தது. மின்ஸ்கூட்டர்கள் நடைபாதையில் பறந்தன. 2019 செப்டம்பரில் பெடோக்கில் ஸ்கூட்டர் மோதி, சைக்கிளில் சென்ற மூதாட்டி ஒருவர் இறந்தார். நவம்பர் 5 முதல் நடைபாதையில் அவற்றுக்குத் தடை. உணவு விநியோகம் செய்து பிழைத்தவர்கள் கொதித்துப்போய்த் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் முறையிட்டார்கள். வேறு வண்டிக்கு மாற ஆளுக்கு ஆயிரம் வெள்ளிவரை உதவித்தொகை அறிவிக்கப்பட்டது.

தடை சரி என்பதே என் கட்சி. 1888-இல் மூட்டையை இழந்த கடைக்காரருக்கு அப்படி யாரும் ஒரு காசு நீட்டியதாகத் தெரியவில்லை.

அன்புடன்,
உங்கள் நண்பன்