மணப்பாட்டுக் குகையில் ஒரு காலைப்பொழுது

திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலோர மணற்குன்றின்மீது எழுந்து நிற்கிறது மணப்பாடு திருச்சிலுவை ஆலயம். 1581-ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்றது. செப்டம்பர் 14-ஆம் நாள் திருவிழாவிற்கு யாத்திரிகர் திரளாகக் கூடுவர். நான் சென்றதோ கூட்டமில்லாத ஓர் ஆனி மாதக் காலை. தென்மேற்குக் காற்று மணலை வாரி முகத்தில் இறைத்துக் கொண்டிருந்தது.

குன்றின் கடலோரச் சரிவில் ஒரு குகை. புனித பிரான்சிஸ் சவேரியார் அங்கே தங்கிச் செபித்தார் என்பது மரபு. அலையோசை ஓயாது கேட்கும் அவ்விடத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றும் உண்டு. நான் அங்கு முழந்தாளிட்டபோது உள்ளத்தில் ஒரு பாரம் இருந்தது. என் பங்கில் ஒருவர் ஞாயிறு திருப்பலிக்கு வருவதை நிறுத்தியிருந்தார். விசுவாசக் குறைவென்று எண்ணிப் பிரசங்கத்தில் பொதுவாகக் கண்டித்தேன்; அவர் வீட்டு வாயிலை மிதிக்கவில்லை. கடன் தாளாமல் அக்குடும்பம் இரவோடிரவாக ஊரைவிட்டுப் போன பிறகே உண்மை தெரிந்தது.

அக்குகையில் சவேரியாரின் கடிதங்கள் நினைவுக்கு வந்தன. 1544-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், வடுகப் படையினருக்கு அஞ்சிய கன்னியாகுமரிக் கிறிஸ்தவர்கள் கடற்பாறைகளில் தஞ்சம் புகுந்து, பசியாலும் தாகத்தாலும் மடிந்து கொண்டிருந்தனர். செய்தியறிந்த சவேரியார் 20 தோணிகளுடன் இம்மணப்பாட்டிலிருந்து புறப்பட்டார். எதிர்க்காற்று பலமாயிருந்தது. துடுப்பு வலித்தும், கயிறு கட்டி இழுத்தும் தோணிகள் குமரிமுனையை அடையவில்லை. கரை திரும்பியவர், 'என்னால் இயன்றதைச் செய்துவிட்டேன்' என்று அமைந்துவிடவில்லை; தரைவழியே சென்றார். அங்கே கண்ட முதியோர், நோயாளர், வழியிலேயே பிள்ளை பெற்ற தாய்மார் ஆகியோரின் அவலத்தைத் தம் உடன்பணியாளர் மன்சிலாசுக்கு எழுதினார். ஏழைகளை மணப்பாட்டிற்கே அழைத்து வந்து, செல்வரின் மனம் இரங்க வேண்டுமென ஆண்டவரை மன்றாடினார்.

அவர் செபித்த குகைக்கும் தோணி தள்ளிய கரைக்கும் இடையே தூரம் அதிகமில்லை. என் பீடத்திற்கும் அந்த மனிதரின் வாசலுக்கும் இடையிலும் தூரம் அதிகமிருக்கவில்லை. நான்தான் நடக்கவில்லை.

ஊர் திரும்பியதும் அக்குடும்பம் குடியேறிய இடத்தை விசாரித்து அறிந்து, வின்சென்ட் தே பவுல் சபை அன்பர் ஒருவருடன் பேருந்து ஏறினேன். துன்புறுவோரின் இல்லம் நாடிச் செல்வதையே தலையாய பணியாகக் கொண்டு, 1833-இல் ஓசானாம் என்ற இளைஞரும் தோழர்களும் பாரிசில் தொடங்கியதல்லவா அச்சபை! அவ்வீட்டார் எங்களுக்குப் பாய் விரித்தார்கள். அந்த மனிதர், "இப்போதாவது வந்தீர்களே, சாமி" என்று சொல்லிக் கண் கலங்கினார். கடன் முழுவதையும் எங்களால் தீர்க்க முடியவில்லை. பிள்ளைகளின் பள்ளிச் செலவைச் சபை ஏற்றது. அன்றிரவு அவ்வீட்டில் நெடுநாட்களுக்குப்பின் குடும்பச் செபமாலை ஒலித்தது. அதில் முதலில் குரல் தழுதழுத்தவன் நானே.

அன்பர்களே, பங்கில் ஆன்மீகப் புத்துயிர் வேண்டித் தியானங்கள் நடத்துகிறோம், நல்லதே. ஆனால் கோயிலில் வெறுமையாய்க் கிடக்கும் இடம் யாருடையது என்று இந்த ஞாயிறு சற்றே திரும்பிப் பாருங்கள். திங்கட்கிழமை அவர் வீட்டிற்குச் செல்லுங்கள். தோணி போகாவிட்டால் நடந்தேனும் செல்லுங்கள்.