தானாகக் கூடும் சத்தம்

மாமாவின் வான் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் ஓடுது. ஏ9 வீதியில வேகம் பிடிச்சா ரேடியோச் சத்தம் தானாகக் கூடும், சந்தியில நிண்டா குறையும். புது செட் போட்டபிறகு அது வேலை செய்யேல்லை.

மெனுவில் பார்த்தோம், அந்த வசதி போட்டுத்தான் இருந்தது. ஸ்பீடோமீட்டரும் ஒழுங்காக ஓடியது, ஆகவே சென்சரில் பிழையில்லை. செட்டைக் கழற்றினோம். வேகத்தின் சிக்னலைக் கொண்டுவரும் ஒற்றை வயர் எதிலும் கொழுவாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"கொழுவட்டோ மாமா?"

"வேண்டாம், விடு. போன வருஷம் புளியங்குளத்தில சில்லுப் பேரிங் இரைஞ்சது, ரேடியோ நிப்பாட்டிக் கிடந்ததாலதான் எனக்குக் கேட்டது. உள்ளுக்க பதினாலு சனம்."

இரைச்சலைப் பாட்டு குறைப்பதில்லை, மூடித்தான் விடுகிறது. வயர் நுனிக்கு டேப் சுற்றினேன். சத்தத்தைக் கூட்டுறதும் குறைக்கிறதும் இனி மாமாவின்ர கையில.