சாம்பலும் ஓராண்டுப் பொறுமையும்

திருச்சி மாவட்டம் முசிறியில் காவிரி பக்கத்திலேயே ஓடுகிறது. நிலத்தைக் கொஞ்சம் தோண்டினாலே ஊற்று வந்துவிடும். அந்த மண்ணில் கழிப்பறைக்குக் குழி வெட்டினால் மலம் நிலத்தடி நீரில் கலக்கும். அதற்கு விடையாகத்தான் 'ஸ்கோப்' தொண்டு நிறுவனமும் அதை நடத்தும் சுப்புராமனும் தரைக்கு மேலேயே தொட்டி கட்டும் உரக் கழிப்பறையை அங்கே கொண்டுவந்தார்கள். 2006-இல் சாலியர் தெருவில் பொதுக் கழிப்பறையே இந்த முறையில் எழுந்தது. பயன்படுத்துகிறவர்களுக்குக் காசு கொடுக்கும் திட்டம் 2008-இல் வந்தது. 2021-இல் சுப்புராமனுக்கு பத்மஸ்ரீ கிடைத்தது.

தர்மபுரி மாவட்டம் கடத்தூரிலிருந்து சேலம், நாமக்கல் வழியாக நான் முசிறிக்குப் போனதற்குக் காரணம் எங்கள் மண். இரண்டு ஊரிலும் வெற்றிலை விளைகிறது. ஆனால் எங்களுக்குத் தண்ணீர் ஆழத்தில் இருக்கிறது. மாவட்டத்தில் பல இடங்களில் அந்தத் தண்ணீரிலும் ஃபுளோரைடு. குடிக்கவே யோசிக்கிற ஊரில் குடம் குடமாகக் கழிப்பறையில் ஊற்றுகிறோம். இன்னொரு பக்கம் தொழுவங்கள் காலியாகி எருவுக்குத் தட்டுப்பாடு.

முசிறியின் உரக் கழிப்பறைகள் பலவற்றைக் கட்டிய ஒரு கொத்தனார், வேலையின் நுட்பத்தைச் சுவரைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். கழிப்பறைக்கு அடியில் இரண்டு தொட்டிகள். உள்ளே ஈரம் ஏறாதபடி பூச்சு. பின்பக்கம் ஆள் குனிந்து அள்ள வாகாக ஒரு திறப்பு; அதைப் பலகை வைத்துப் பூசி அடைத்திருப்பார்கள். உட்காரும் பேசினில் மூன்று பிரிவுகள்: மலம் தொட்டிக்குள் விழுகிறது, சிறுநீர் குழாய் வழியாக கேனுக்குப் போகிறது, கழுவும் தண்ணீர் கொல்லையில் உள்ள கல்வாழைப் பாத்திக்கு ஓடுகிறது. “தண்ணி உள்ள இறங்கிடக் கூடாதுங்க, அவ்வளவுதான் தொழில்” என்றார். சாய்மானம் ஒரு விரல்கடை தப்பினாலும் கழுவிய நீர் தொட்டிக்குள் இறங்கும். ஈரம் பட்டால் நாற்றம், ஈ, புழு. பிறகு அந்த வீட்டார் கழிப்பறையைப் பூட்டிவிட்டு மறுபடி ஆற்றங்கரைக்குப் போய்விடுவார்கள்.

கட்டி முடிப்பதோடு கொத்தனார் வேலை முடிகிறது. மீதி வேலை வீட்டுக்காரம்மாவுடையது. தொட்டியின் அடியில் முதலில் காய்ந்த சருகு பரப்ப வேண்டும். ஒவ்வொரு முறை போன பின்னும் ஒரு குவளை சாம்பல் தூவ வேண்டும். சாம்பல் ஈரத்தை உறிஞ்சுகிறது. அதன் காரத்தன்மை கிருமிகளைக் கொல்கிறது. ஒரு தொட்டி நிறைந்ததும் அதை மூடிவிட்டு அடுத்ததற்கு மாறுகிறார்கள். அது நிறைவதற்குள் முதல் தொட்டிக்கு ஓராண்டு ஓய்வு கிடைத்துவிட வேண்டும். தொட்டியின் அளவைக் கொத்தனார் இந்தக் கணக்கில்தான் வைக்கிறார். நம்முடையதைப் போன்ற வெப்பப் பகுதிகளில் ஓராண்டுக்கு மேல் வைத்திருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2006-ஆம் ஆண்டு வழிகாட்டி. நாக்குப்பூச்சியின் முட்டை எளிதில் சாகாது. அவசரப்பட்டுத் திறந்தால் நோயைத்தான் தோட்டத்தில் இறைப்போம்.

ஓராண்டு மூடிவைத்த தொட்டி ஒன்றை ஒரு வீட்டுக்காரம்மா என் முன்னால் திறந்தார். மண்வெட்டியில் வந்தது கறுப்பும் சாம்பலும் கலந்த உலர்ந்த தூள். மழைக்கு முந்திய மண்ணின் வாடைதான் இருந்தது. “வாழைக்கும் முருங்கைக்கும் போடுவோம். கீரைக்குப் போட மாட்டோம் தம்பி” என்றார். பச்சையாகத் தின்பதற்கும், மண்ணைத் தொட்டு விளைவதற்கும் இந்த எரு வேண்டாம் என்பது நல்ல விதி. அள்ளி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவினார்.

சிறுநீர்க் கணக்கு இன்னும் பெரியது. ஓர் ஆள் ஆண்டுக்கு ஏறத்தாழ 500 லிட்டர் கழிக்கிறார். அதில் 4 கிலோ அளவுக்குத் தழைச்சத்து. யூரியாவில் சொன்னால் ஒன்பது கிலோவுக்கு நெருக்கம். இதை வாழைக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வைத் திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம் முசிறிப் பகுதியில் செய்திருக்கிறது. வீட்டில் செய்கிறவர்கள் காற்றுப் புகாத கேனில் சேர்த்து, பல பங்கு தண்ணீர் கலந்து, இலையில் படாமல் வேரோரத்து மண்ணில் ஊற்றுகிறார்கள்.

இந்தத் தொழிலைப் புகழ்ந்து எழுதும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. நம் நாட்டில் மலத்தை அள்ளும் வேலை சில சாதிகளின் தலையில் சுமத்தப்பட்டது. அதைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டம் வந்தது, போதவில்லை, 2013-இல் இன்னொன்று வந்தது. மலம் முழுதாக மக்குவதற்கு முன் மனிதக் கை பட வேண்டிய கழிப்பறையைச் சுகாதாரமற்றது என்கிறது 2013 சட்டம். முசிறிக் கொத்தனார் கட்டும் இரண்டாவது தொட்டி நிற்பதும் அதே கோட்டில்தான்: மக்கி முடியும்வரை யாரும் தொடத் தேவையில்லாதபடி அது காலத்தை வேலை வாங்குகிறது. 2017 பிப்ரவரியில், அன்றைய மத்தியக் குடிநீர், சுகாதாரத் துறைச் செயலர் பரமேஸ்வரன் ஐயர் தெலங்கானாவின் கங்கதேவிபள்ளியில் மக்கிய கழிப்பறைக் குழிக்குள் இறங்கித் தானே எருவை அள்ளினார். அந்தச் செய்கை நாட்டுக்குத் தேவைப்பட்டது.

கடத்தூர்ப் பக்கத்துக்கு முசிறித் தொட்டியை அப்படியே கொண்டுவர வேண்டியதில்லை. நிலத்தடி நீர் ஆழத்தில் உள்ள எங்கள் கிராமங்களில், கிணற்றுக்குத் தள்ளி வெட்டிய இரட்டைக்குழிக் கழிப்பறையே போதும்; தூய்மை இந்தியா திட்டம் ஊக்குவித்ததும் அதைத்தான். ஒரு குழி நிறைந்ததும் கழிவை அடுத்ததற்குத் திருப்பிவிட்டு, முதலாவதை ஓராண்டுக்கும் மேல் விட்டுவைத்தால் எரு தயார். தண்ணீரே வேண்டாம் என்கிறவர்களுக்கு முசிறி முறை; வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளில் சாம்பலும் கிடைக்கும். இரண்டாவது குழி எதற்கென்று வீட்டாருக்கு விளங்கவைக்கும் கொத்தனார்கள்தான் இப்போது வேண்டும். மக்கிய குழியைத் திறக்க வெளியாளைத் தேடக் கூடாது. அந்த எரு எந்தத் தோட்டத்துக்குப் போகிறதோ அந்தத் தோட்டத்துக்காரரே மண்வெட்டி எடுக்க வேண்டும். அப்படிச் செய்தால்தான் இது உரத்தொழில். இல்லாவிட்டால் பழைய அநீதிக்கே ஒரு புதுக் குழி.