5 நிமிஷம் 30 விநாடி

எங்க கண்ணமங்கலத்துக்குப் பக்கத்துல கம்மவான்பேட்டை. சுத்துப்பட்டுல 'ராணுவப்பேட்டை'ன்னாத்தான் பலருக்குத் தெரியும். வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்துல இருப்பாங்கன்னு பேச்சு. அந்தக் காத்து எங்க ஊர்ப் பசங்களையும் விடுறதில்ல.

எங்க தெருப் பையன் ஒருத்தன் பன்னிரண்டாவது முடிச்ச கையோட விடியக்காலையில ஓட ஆரம்பிச்சான். கையில அப்பாவோட கீறல் விழுந்த செல்போன், அதுல ஸ்டாப்வாட்ச். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கறப்ப 1.6 கிலோமீட்டரை 5 நிமிஷம் 30 விநாடிக்குள்ள முடிச்சா முழுசா 60 மார்க். புல்லப்ஸ் 10 எடுத்தா 40. ஆனா 2023லருந்து எழுத்துத் தேர்வுதான் முதல்ல. அதுல போச்சுன்னா மைதானத்துப் பக்கமே போக முடியாது. இவனுக்குக் கால் ரெடி, கணக்குதான் இடிச்சுது. ரிட்டையர் ஆன சுபேதார் மாமா ஒருத்தர் ராத்திரியில உக்கார வச்சு சொல்லிக் கொடுத்தார்.

இப்ப அவன் அக்னிவீர். பட்டாளத்துக்கு ஆள் எடுக்க 2022ல வந்த திட்டம் அது. 4 வருஷம் முடிஞ்சா 25 சதவீதம் பேர் வரைக்கும்தான் நிரந்தரம். மிச்சப் பேருக்கு சேவா நிதின்னு மொத்தமா ஒரு தொகை உண்டு, பென்ஷன் கிடையாது. எனக்கு இது பிடிக்கல. பட்டாளத்துப் பென்ஷனை நம்பித்தானே இந்தப் பக்கம் எத்தனையோ வீடு எழும்புச்சு?

அவன் அம்மாகிட்ட சொன்னேன். "அத அப்ப பாத்துக்கலாம்ணா. சின்னவனுக்கு ஷூ வாங்கணும், எங்க மலிவா கிடைக்கும்?"னு கேட்டாங்க.